கல்லில் சில்லெடுக்கப் பழகுகிறேன், எந்தச் சுத்தி வாங்குவது?

கூழாங்கல்: இரண்டு மாதமாகக் கல்லாயுதம் செய்யும் காணொளிகளாகப் பார்த்துவிட்டு, கை சும்மா இருக்காமல் வீட்டில் கிடந்த இரும்புச் சுத்தியலால் ஒரு சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டினேன். சில்லு வரவில்லை. அடித்த இடம் மாவாகி, அடுத்த அடியில் கல் இரண்டாகப் போய்விட்டது. சுத்தியல் கல், மான் கொம்பு, செம்புத் தலைத் தடி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஆறேழு கருவியைச் சேர்த்து ஒரே பெட்டியாகவும் விற்கிறார்கள். எல்லாம் வேண்டுமா? கையில் இருப்பது முஷ்டி அளவுக் கற்கள் நாலைந்து, தடித்த கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகம் கொஞ்சம். ஆசை ஒரு சின்ன அம்புமுனை செய்ய.

பாறைமேடு: பெட்டி வேண்டாம், பாதிக் கருவியைத் தொடவே மாட்டீர்கள். இரும்பை ஓரம் வையுங்கள், அது விளிம்பை நொறுக்கும். உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவக் கூழாங்கல் இரண்டு போதும். அரை கிலோவுக்குப் பக்கத்தில் ஒன்று, முழுக் கல்லைத் திறக்க. குவார்ட்சைட் போல அழுத்தமான கல்லாக இருக்கட்டும். இன்னொன்று 200 கிராம் வாக்கில், மணற்கல் மாதிரி கொஞ்சம் மென்மையானது. மென்மையான கல் விளிம்பில் ஒரு கணம் பற்றி நிற்கும், அதனால் சில்லு மெலிதாக, நீளமாக ஓடும். எடுக்கும்போது இரண்டையும் ஒன்றோடொன்று லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

செம்புத்தலை: மேலே சொன்னது சரிதான், ஆனால் கல்லோடு நிறுத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கனமான சுத்தியல் கல்லைக் குறி தவறாமல் வீசப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். ஒரு அங்குல விட்டம் உள்ள செம்புத் தலைத் தடியில் அடி எங்கே விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும், தேயவும் நாளாகும். கொம்பு அருமையான பொருள், இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டு பழமையான கொம்புச் சுத்தியே கிடைத்திருக்கிறது. ஆனால் அதன் முனை குழிந்துகொண்டே வரும், அடிக்கடி அரத்தால் உருட்டிவிட வேண்டும். புதியவருக்கு அந்தத் தலைவலி எதற்கு? செம்பு மூடிக்குள் ஈயம் ஊற்றிய தடி வேண்டாம், முழுச் செம்பாகவே வாங்குங்கள். வீட்டில் ஈயம் உருக்குகிற வேலை வேண்டவே வேண்டாம்.

நுனிவிளிம்பு: சுத்தியை மாற்றினாலும் அந்தக் கல் உடைந்துதான் இருக்கும் என்று தோன்றுகிறது. அடிக்கும் முன் விளிம்பைத் தேய்த்தீர்களா? புதிதாக உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி மெல்லியது, அடித்தால் அதுதான் முதலில் நொறுங்கும், விசை உள்ளே போகாது. சொரசொரப்பான கல்லால் நன்றாகத் தேய்த்து, விரலை அதன் குறுக்கே (நீளவாக்கில் இழுத்துவிடாதீர்கள்!) மெதுவாக வைத்துப் பார்த்தால் கூர் போய் உப்புத்தாள் போல நரநரவென்று இருக்க வேண்டும். அப்புறம், கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் நீங்கள் அடிக்கும் விளிம்பு நடுக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் சில்லு வராது, கல்தான் பிளக்கும். அடிக்கும் முகத்துக்கும் சில்லு பிரியும் முகத்துக்கும் இடையிலான கோணமும் 90 டிகிரிக்குள் இருக்கட்டும்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. பாட்டில் அடியில் சின்ன அம்புமுனைதான் ஆசை என்றால் அதில் பெரும்பாலும் தட்டுவதே கிடையாது, கம்பி முனையை விளிம்பில் வைத்து அழுத்திச் சில்லெடுப்பதுதான். மரக் கைப்பிடியில் செருகிய தடித்த செம்புக் கம்பி, தொடையில் விரிக்க ஒரு தடித்த தோல், இவ்வளவே. நான் முதல் வருடம் முழுக்க அதில்தான் ஓட்டினேன்.

பாறைமேடு: அட, அம்புமுனையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் உட்காராதீர்கள், வீட்டுக்குள்ளும் வேண்டாம். கல்தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரல் தழும்பேறிவிடும். சில்லுகளை உலர்வாகப் பெருக்காமல் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.

கூழாங்கல்: தேய்க்கவே இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போ முதலில் செம்புக் கம்பியும் பாட்டில் அடியும். இரண்டு கூழாங்கல்லைப் பொறுக்கி வைக்கிறேன், தடி பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கம்பியின் முனையைக் கூராக்க வேண்டுமா, மழுங்கலாக விடுவதா?

நுனிவிளிம்பு: பென்சில் முனை மாதிரி, ஆனால் ஊசியாக வேண்டாம், வளைந்துவிடும். பத்துப் பதினைந்து சில்லுக்கு ஒரு தடவை அரம் போட்டுக்கொள்ளுங்கள்.