பழைய கேரவன்: பைப்பை மூடினாலும் பம்பு ஓடுகிறது, ஏசி போட்டால் ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது

உச்சிப்புளி வேன்:
வணக்கம். டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றிய பழைய வண்டி எங்களுடையது, முன்பு ஷூட்டிங்குக்கு ஓடியது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும், அதனால் ராமேஸ்வரம், தேவிபட்டினம், திருப்புல்லாணி எல்லாம் நிதானமாகக் கூட்டிப்போகலாம் என்றுதான் வாங்கினோம். மழைக்காலம் முழுக்க தோப்பில் சும்மா நின்றது. இப்போது எடுத்தால் இரண்டு தொல்லை.

தண்ணீர்: 12 வோல்ட் பம்பு. எல்லாப் பைப்பையும் மூடி வைத்தாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடி நிற்கிறது, ராத்திரியில் அந்தச் சத்தத்தில் யாரும் தூங்க முடியவில்லை. திறந்தால் தண்ணீர் ஒழுங்காக வராமல் காற்றும் தண்ணீருமாகத் துப்புகிறது. எங்கேயும் ஒழுகல் கண்ணில் படவில்லை. டேங்கில் தோப்புப் போர் தண்ணீர்தான் பிடிக்கிறோம்.

ஜெனரேட்டர்: 5 கேவிஏ பெட்ரோல், பின்பக்கப் பெட்டியில் இருக்கிறது. லோடு இல்லாதபோதே சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. ஏசி போட்டதும் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டுப் புது ஜெனரேட்டர் வாங்கச் சொல்கிறார். அவ்வளவு செலவு இப்போது முடியாது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

குழாய்க்காரர்:
தம்பி, உங்கள் பம்பில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது, ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

தானாக ஓடுவது அழுத்தம் இறங்குவதால். பம்பிலிருந்து வெளியே போகும் பைப்பில் ஒரு சின்ன வால்வு போட்டு அதை மூடிப் பாருங்கள். மூடிய பிறகும் பம்பு ஓடினால் கோளாறு பம்புக்குள்ளேயே, தண்ணீரைத் திரும்ப டேங்குக்கு விடாமல் தடுக்கும் ரப்பர் வால்வில் உப்போ மணலோ சிக்கியிருக்கும். பம்பு தலையைக் கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மூடியதும் நின்றுவிட்டால் ஒழுகல் வால்வுக்கு அந்தப் பக்கம். முதலில் டாய்லெட் ஃப்ளஷ் வால்வைப் பாருங்கள், கோப்பைக்குள் நூல் மாதிரி இறங்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

காற்று துப்புவது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே. அந்தப் பக்கம் விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே இழுக்கப்படும், அதனால்தான் ஈரமே தெரியாது. ஃபில்டர் கிண்ணத்தின் ஓ ரிங், ஹோஸ் கிளாம்ப் இரண்டையும் மாற்றுங்கள். கிளாம்ப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சாதாரணக் கிளாம்ப் நம் கடற்கரையில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அப்படியே டேங்கின் காற்றுக் குழாயையும் ஒரு பார்வை பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் குளவி அதற்குள் மண் வைத்துக் கட்டிவிடும், காற்று போக வழியில்லாமல் பம்பு திணறும்.

போர் தண்ணீரை விட்டுவிடுங்கள். ராமநாதபுரம் கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. காவிரித் தண்ணீர் வரும் இடத்தில் பிடியுங்கள்.

பாம்பன் எஞ்சின்:
புதுசு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வது கார்புரேட்டர் அடைப்புக்கான அறிகுறி. ஏறி ஏறி இறங்கினால் பெட்ரோல் போதாமல் போகிறது. சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள், சத்தம் நிதானப்பட்டால் ஜெட்தான், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டை, அடைத்திருக்கிறது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் கார்புரேட்டரில் நின்றால் பிசின் மாதிரி படிந்துவிடும். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, ஜெட்டைக் கழற்றி கிளீனர் அடித்து, மெல்லிய செம்புக் கம்பி ஒற்றை இழையால் சுத்தம் செய்யுங்கள். குண்டூசி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும்.

இன்னொன்று, எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். இருமி இருமி நின்றால் பெட்ரோல். சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நின்றால் ஆயில் சென்சாரைச் சந்தேகப்படுங்கள், மணலில் வண்டி சாய்ந்து நின்றாலே ஆயில் குறைவு என்று அது அணைத்துவிடும்.

மண்டபம் அக்கா:
ஏசி ஓடுகிறதோ இல்லையோ, அதற்கு முன் புகைக் குழாயைப் பாருங்கள். பின்பெட்டியில் ஜெனரேட்டர் என்கிறீர்கள், உப்புக் காற்றில் சைலன்ஸர் மூட்டுதான் முதலில் அரிக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். எஞ்சின் ஓடும்போது மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி வரும் இடத்தில் கசிவு. சூடாகும் முன்னே, ஸ்டார்ட் செய்த உடனேயே திறந்தவெளியில் செய்யுங்கள். கச்சான் காற்று, வாடைக் காற்று எது அடித்தாலும் புகை வண்டிக்குள் திரும்பாதபடி நிறுத்துங்கள். அம்மா உள்ளே படுத்திருக்கும்போது ஓட்டவே வேண்டாம். டிடெக்டர் ஒன்று வாங்கி மாட்டிய பிறகும் இதே பேச்சுதான்.

உச்சிப்புளி வேன்:
எல்லாருக்கும் நன்றி. டேங்க் பக்கக் கிளாம்ப் கையோடு வந்துவிட்டது, மாற்றியதும் காற்று நின்றது. தானாக ஓடுவது டாய்லெட் வால்வுதான், வாஷர் ராமநாதபுரத்தில் கிடைத்தது. ஜெட் சுத்தம் செய்தபின் எஞ்சின் ஒரே சீராக ஓடுகிறது. ஏசி போட்டாலும் எஞ்சின் தாங்குகிறது, ஆனால் மீட்டரில் 160 வோல்ட்தான் காட்டுகிறது. சைலன்ஸர் மூட்டில் குமிழி வந்தது, வெல்டிங்குக்குக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பாம்பன் எஞ்சின்:
எஞ்சின் வேகம் விழாமல் வோல்ட் மட்டும் விழுந்தால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அது உரசும் செம்பு வளையம் பச்சை பூத்திருக்கும், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். அதன் பிறகும் 160 என்றால் கோளாறு ஏவிஆரில், ஜெனரேட்டரின் வோல்ட்டைச் சீராக வைக்கும் பாகம் அது. உடனே ஏசியை அணையுங்கள், குறைந்த வோல்ட்டில் ஓடினால் கம்ப்ரஸர் எரிந்துவிடும். சைலன்ஸர் திரும்பி வரும்வரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், பிரஷ் வேலையை அதற்குள் முடித்து வையுங்கள்.