ஃபாக் லேம்ப் எப்போ போடணும்? பின்னாடி வலது பக்கம் மட்டும் எரியுது, பல்பு போயிருச்சா?

ஆழியாறு_செக்போஸ்ட் (கேள்வி)

வணக்கம். அடுத்த வாரம் குடும்பத்தோட பொள்ளாச்சி, ஆழியாறு வழியா வால்பாறை போறோம். அட்டகட்டி தாண்டினா கவர்க்கல் பக்கம் பனி கடுமையா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. வண்டி சின்ன ஹேட்ச்பேக். ஹெட்லைட் ஹாலஜன், பம்பர்ல ரெண்டு ஃபாக் லேம்ப் கம்பெனியில இருந்தே வந்தது, 19 வாட் எச்16 பல்பு.

பனியில லோ பீமும் ஃபாக்கும் சேர்த்துப் போடணுமா, இல்ல ஃபாக் மட்டும் போதுமா? மழையில போடலாமா? பின்பக்க ஃபாக் ஆன் பண்ணினா வலது பக்கம் மட்டும் சிவப்பா எரியுது, இடது பக்கம் எரியவே இல்ல. அப்புறம், ஆக்சஸரீஸ் கடையில 55 வாட் எச்11 போட்டா பளிச்சுன்னு இருக்கும், இல்லன்னா வெள்ளை எல்இடி போட்டுக்கோங்கன்னு சொல்றாங்க. எது சரி?

நாற்பதாவது_வளைவு

பின்விளக்குல இருந்து ஆரம்பிக்கிறேன், நிறைய பேர் இதுக்காகவே சர்வீஸ் சென்டருக்குப் போய் நிக்கிறாங்க. உங்க பல்பு போகல. பின்பக்க ஃபாக் ஒண்ணே ஒண்ணுதான் கொடுக்கிறாங்கன்னா அது ரோட்டின் நடுப்பக்கம் பார்த்த மாதிரி இருக்கணும்னு விதி. நாம இடது பக்கமா ஓட்டுறோம், அதனால நமக்கு வலது. அதே இடத்துல இடது பக்கம் பெரும்பாலும் ரிவர்ஸ் லைட் இருக்கும், பார்த்துக்கோங்க.

அந்த ஒத்தை விளக்கு கிட்டத்தட்ட பிரேக் லைட் அளவுக்குப் பிரகாசம். அதனாலதான் பிரேக் லைட்டுக்கும் அதுக்கும் நடுவுல 10 செ.மீ இடைவெளி விடச் சொல்லியிருக்காங்க. பனி இல்லாத இடத்துல அதை எரியவிட்டா, பின்னாடி வர்றவருக்கு நீங்க பிரேக் அடிக்கிறது உடனே தெரியாது, கண்ணும் கூசும். எப்போ போடணும்? 100 மீட்டருக்கு அப்பால ஒண்ணும் தெரியலன்னா போடுங்க. 100 மீட்டரை எப்படிக் கணக்குப் பண்றது? அரசு பஸ் ஒண்ணு சுமார் 11, 12 மீட்டர் நீளம். எட்டு பஸ்ஸை வரிசையா நிறுத்தின தூரம்னு வெச்சுக்கோங்க. மலையில பனிங்கிறது பெரும்பாலும் இறங்கி வர்ற மேகம்தான், ரெண்டு வளைவு மூடும், மூணாவது வளைவு வெட்ட வெளிச்சமா இருக்கும். வெளியில வந்ததும் அணைக்கணும். மறந்துடாம இருக்க மீட்டர்ல மஞ்சள் விளக்கு எரியும்: விளக்குப் படம், வலது பக்கமா நேர்க்கோடுகள், அதை வெட்டுற ஒரு நெளிகோடு. முன்பக்க ஃபாக்குக்குப் பச்சை, கோடுகள் இடது பக்கமா கீழ்நோக்கிச் சாஞ்சிருக்கும்.

இப்போ முன்விளக்கு. உங்க கண் ரோட்டுல இருந்து ஒண்ணேகால் மீட்டர் உயரத்துல இருக்கு. ஹை பீம் போட்டா, நீங்க எந்த உயரத்துல பார்க்கிறீங்களோ அந்த உயரத்துல இருக்கிற பனித்துளியெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி உங்க மேலேயே அடிக்கும். வேட்டியைக் காயப்போட்டு அதுக்கு முன்னாடி டார்ச் அடிச்ச மாதிரி. ஃபாக் லேம்ப் தரையில இருந்து 40 செ.மீ அளவுல உட்கார்ந்திருக்கும், அதோட வெளிச்சம் மேல்பக்கம் கத்தி வெச்சு வெட்டின மாதிரி நின்னுடும், பக்கவாட்டுல அகலமா விரியும். வெளிச்சம் பட்ட பனி உங்க பார்வைக்குக் கீழேயே நின்னுடறதால ரோட்டோர வெள்ளைக்கோடும் தடுப்புக்கல்லும் தெரியும். அவ்வளவுதான் அதோட வேலை. தூரம் காட்டாது.

சேர்த்தா தனியாங்கிற கேள்விக்கு: ஹை பீம் எப்பவுமே வேண்டாம். பகல்ல பனி அடர்த்தியா இருந்து, லோ பீம் போட்டா முன்னாடி வெள்ளையடிக்குதுன்னா பார்க்கிங் லைட்டும் ஃபாக்கும் போதும். ராத்திரியில லோ பீமை அணைக்காதீங்க. 40 செ.மீ உயரத்துல இருக்கிற விளக்கு தடுப்புச்சுவருக்குப் பின்னாடி மறைஞ்சிடும், மேல இருந்து இறங்குற பஸ் டிரைவருக்கு நீங்க வர்றதே தெரியாது.

மழைக்கு முன்பக்க ஃபாக் பொதுவா வேண்டாம். ஈரத் தார்ல பட்ட வெளிச்சம் கண்ணாடியில பட்ட மாதிரி எதிர்ல வர்றவர் கண்ணுக்கு எகிறும். தண்ணி புகையா எழும்பி முன்வண்டியே தெரியாத அடைமழைன்னா மட்டும் போடலாம்.

ரிலே_ஃபியூஸ்

பல்பு விஷயம் நான் சொல்றேன். 19 வாட் இடத்துல 55 வாட் போடாதீங்க ப்ரோ. எச்8, எச்11, எச்16 மூணும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், எச்8 35 வாட், எச்11 55, எச்16 19. மாத்தி மாட்டக் கூடாதுன்னுதான் காதுகளை வேற வேற அளவுல வெச்சிருக்காங்க. கடையில அந்தக் காதைத் தேய்ச்சு உள்ள திணிச்சுடுவாங்க. கிட்டத்தட்ட மூணு மடங்கு சூடு. பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் முதல்ல மங்கும், அப்புறம் முலாம் கொப்புளிக்கும், லென்ஸும் பழுப்பாயிடும். வயரும் அதுக்குப் போட்டதில்ல: ரெண்டு 19 வாட்டுக்கு 3 ஆம்பியர் சொச்சம், ரெண்டு 55 வாட்டுக்கு 9 ஆம்பியருக்கு மேல. ஃபியூஸ் அடிக்கடி போகுதேன்னு பெரிய ஃபியூஸ் போட்டீங்கன்னா அடுத்து வயரே ஃபியூஸ் வேலையைப் பார்க்கும்.

எல்இடி பல்பும் இதே ஹவுசிங்ல (விளக்குக் கூட்டுல) வேண்டாம். ஹாலஜன்ல இழை ஒரு சின்ன உருளை, சுத்திலும் வெளிச்சம் விடும். ரிஃப்ளெக்டரோட வளைவு அந்த இழை இருக்கிற புள்ளியை வெச்சுப் போட்ட கணக்கு. எல்இடி பல்புல சிப்பு பட்டையோட ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், நடுவுல பட்டையோட கனம் வேற. அதுல கட் ஆஃப் (வெளிச்சம் மேல்பக்கம் வெட்டி நிக்கிற கோடு) கலைஞ்சு வெளிச்சம் மேல சிதறும். சுவத்துல பார்த்தா பளிச்சுன்னுதான் இருக்கும், பனியில அதுவே திரை. எல்இடிதான் வேணும்னா ஹவுசிங்கோட சேர்ந்த முழு யூனிட் வாங்குங்க. லென்ஸ்ல வட்டத்துக்குள்ள 'ஈ' எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், பக்கத்துல 'பி' அல்லது 'எஃப்3' குறியும் பொறிச்சிருக்கணும். அது இல்லாம வெறும் 'ஃபாக்'னு அட்டைப்பெட்டியில போட்டு விக்கிறது வெறும் வட்ட விளக்கு.

ஃபாக் லேம்ப் இல்லாத வண்டிக்குப் புதுசா போடுறவங்களுக்காக: பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ், நாலு பின் ரிலேயில (கரண்ட்ல இயங்குற சுவிட்ச்) 30-ம் நம்பர் பின்னுக்கு அந்த வயர், 87-ல இருந்து விளக்குகளுக்கு, 85 பாடி எர்த், 86-க்கு சுவிட்ச் வழியா பார்க்கிங் லைட் கரண்ட். பார்க்கிங் லைட்டை அணைச்சா ஃபாக்கும் அணையணும், அதுக்குத்தான் அங்க இருந்து எடுக்கிறது. எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்ட்டைச் சுரண்டுங்க. ஃபாக் மங்கலா எரியுதுன்னு வர்ற புகார்ல பாதி அந்தப் பெயிண்ட்தான். ஒரிஜினல் வயரை வெட்டாம கப்ளரோட (வயரைச் செருகுற பிளக்) வர்ற ஹார்னெஸ், அதாவது ரெடிமேட் வயர் செட், வாங்கினா வாரண்டி தகராறும் குறையும்.

மஞ்சளா வெள்ளையான்னு யாராவது கேப்பீங்க. ரெண்டும் விதியில உண்டு. மஞ்சள் பனியைத் துளைச்சுக்கிட்டுப் போகும்னு சொல்றது தப்பு. பனித்துளி வெளிச்சத்தோட அலைநீளத்தைவிட ரொம்பப் பெருசு, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நீலம் கழிஞ்ச வெளிச்சம் கண்ணுக்குக் கூச்சம் குறைவு, அந்த அளவுல மஞ்சள் சுகம். 6000 கெல்வின்னு போட்டு நீலம் பாய்ஞ்ச வெள்ளை விக்கிறாங்களே, அதுதான் இருக்கிறதுலயே மோசம்.

ஆழியாறு_செக்போஸ்ட்

ரெண்டு பேருக்கும் நன்றி. பல்பை மாத்தல. ஆனா இப்போ சந்தேகம் வந்து சுவத்துல அடிச்சுப் பார்த்தேன். விளக்கோட நடுப்புள்ளி தரையில இருந்து 42 செ.மீ. சுவத்துல இருந்து 5 மீட்டர்ல நிறுத்தினா கட் ஆஃப் கோடு வலது விளக்குக்கு 33 செ.மீ, இடது விளக்குக்கு 46 செ.மீ. இது சரியா?

நாற்பதாவது_வளைவு

வலது சரி, இடது தப்பு. 5 மீட்டர்ல கோடு விளக்கோட நடுப்புள்ளிக்கு 10 செ.மீ கீழே விழணும். அதாவது உங்களுக்கு 32. ஒண்ணு ரெண்டு செ.மீ பரவாயில்ல. 46-னா அது வானத்தைப் பார்த்து எரியுது, எதிர்ல வர்றவங்க ஹை பீம் அடிச்சுக் காட்டினா கோவிச்சுக்காதீங்க.

திருத்துறதுக்கு முன்னாடி டயர்ல காத்து சரியான அளவுல இருக்கணும், தரை மட்டமா இருக்கணும், டிரைவர் சீட்ல ஒரு ஆள் உட்காரணும். லேம்ப்புக்குக் கீழேயோ பக்கத்துலயோ சின்ன ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும், மேல கீழ மட்டும் நகர்த்தும். ஒரு தடவை கால் சுத்து திருப்பி சுவத்தைப் பாருங்க. திருப்பினாலும் கோடு அசையலன்னா பம்பர் எங்கேயோ இடிச்சு பிராக்கெட் உடைஞ்சிருக்கும், ஸ்க்ரூவை மேலும் முறுக்காதீங்க. டிக்கி நிறைய சாமான் ஏத்தினா மூக்கு தூக்கி வெளிச்சமும் மேல போகும். நீங்க குடும்பத்தோட போறதால பெட்டியெல்லாம் ஏத்தின பிறகு இன்னொரு தடவை அளந்துடுங்க.

இதுல இன்னொரு கணக்கும் ஒளிஞ்சிருக்கு. 5 மீட்டருக்கு 10 செ.மீ இறக்கம்னா 42 செ.மீ உயரத்துல இருந்து கிளம்பின வெளிச்சம் 21 மீட்டர்ல தரையைத் தொட்டுடும். உங்க வெளிச்சம் அவ்வளவுதான். ஈர ரோட்டுல 40 கி.மீ வேகத்துல, பார்த்து, காலை பிரேக்குக்கு மாத்தி, வண்டி நிக்க சுமார் 26 மீட்டர் வேணும். 30-ல சுமார் 17. அடர்பனியில 30-ஐத் தாண்டாதீங்கன்னு சொல்றது இந்தக் கணக்குலதான். இறக்கத்துல இன்னும் கொஞ்சம் குறைங்க, ரெண்டாவது கியர்ல இறங்குங்க.

ரிலே_ஃபியூஸ்

இடது ஸ்க்ரூவுக்குக் கை எட்டலன்னா ஸ்டீயரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடிச்சுட்டு, சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற கறுப்பு லைனர்ல ரெண்டு மூணு கிளிப்பைக் கழட்டுங்க, கை உள்ள போகும். பல்பு மாத்துறதும் இதே வழிதான்: கப்ளரைப் பிடுங்கி, பல்பைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில கால் சுத்து. ஹாலஜன் கண்ணாடியில விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமா சூடாகி பல்பு சீக்கிரம் போயிடும்.

பனிவிழும்_காலை

ரெண்டு விஷயம் யாரும் சொல்லல. ஆட்டோ ஹெட்லைட்டை நம்பாதீங்க. அந்த சென்சார் வெளிச்சத்தைத்தான் அளக்கும். பகல் பனி நல்ல வெளிச்சமாவே இருக்கும், அதனால ஹெட்லைட் எரியாது. முன்னாடி டிஆர்எல் (பகல்ல தானா எரியுற சின்ன விளக்கு) எரியுறதைப் பார்த்து எல்லாம் எரியுதுன்னு நினைச்சுக்குவீங்க, பல வண்டியில அப்போ பின்னாடி டெயில் லைட்டே எரியாது. கையால திருப்பிப் போடுங்க.

அடுத்தது ஹசார்டு. ஓடிட்டு இருக்கும்போது நாலு இண்டிகேட்டரையும் போட்டா நீங்க எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு பின்னாடி வர்றவருக்குத் தெரியாது. வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினா மட்டும் போடுங்க. முன்னாடி போற லாரியோட சிவப்பு விளக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒட்டிப் போறதும் வேண்டாம், அவர் நிக்கிற இடத்துல நீங்க நிக்க முடியாது.

ஆழியாறு_செக்போஸ்ட்

இடது கோடு இப்போ 33-க்கு இறங்கிடுச்சு. கடைசியா ஒண்ணு, பனியில கண்ணாடி உள்பக்கமும் மூடிக்குது. அதுக்கு ஏசியா, ஹீட்டரா?

நாற்பதாவது_வளைவு

ரெண்டும். ஏசி ஆன், வெப்பக் குமிழ் சூடு பக்கம், காத்து முன்கண்ணாடிக்கு, வெளிக்காத்து மோட். ஏசி ஈரத்தை எடுக்கும், சூடு கண்ணாடியை உலர்த்தும். உள்காத்துச் சுழற்சியில வெச்சா நாலு பேர் மூச்சும் கண்ணாடியிலதான் படியும். போகி காலையில சென்னைப் பக்கம் புகைக்குப் பயந்து சுழற்சியில வைக்கிறவங்க ஏசியை மட்டும் அணைச்சுடாதீங்க. வெளிப்பக்கம் பனி படிஞ்சா வைப்பர் ஒரு தடவை போதும். துடைச்சும் திரும்பத் திரும்பப் படிஞ்சா ஏசி கண்ணாடியை ரொம்பக் குளிர வெச்சிருக்கு, வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டுங்க.