கனிக்குள் முளைத்தலா, தாய்முளைப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கடலோர உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரமான சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடுகிறதே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். 'கனிக்குள் முளைத்தல்', 'குட்டியீனல்' என இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. கடலே இல்லாத காங்கயத்திலிருந்து எழுதுகிறேன், இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

அம்மாவைப் பிச்சாவரம் கூட்டிப்போயிருந்தபோது, படகோட்டி கிளையில் தொங்கிய ஒன்றைக் காட்டினார். "இதென்ன கண்ணு, மூலனூர் முருங்கைக்காயாட்டம் தொங்குது?" என்றார் அம்மா. பச்சையாக, நீளமாக, நுனி கூராக இருந்தது. ஆனால் அது காயல்ல. காய் அதற்கு மேலே, கவிழ்த்த பேரிக்காய் போலப் பழுப்பாகச் சின்னதாக இருந்தது. அதைத் துளைத்துக்கொண்டு வந்து தொங்குவது முளையின் தண்டு, அதாவது வித்திலைக்கு (விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலைக்கு) கீழே இருக்கும் பகுதி. ரைசோபோரா முக்ரோனேட்டா என்ற சுரபுன்னை இனத்தில் இது அரை மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. வித்திலைகள் ஒட்டிச் சேர்ந்து ஒரு குழாய் போலத் தண்டின் தலையைப் பிடித்திருக்கும். மாதக்கணக்கில் அப்படியே வளர்ந்து, முற்றியதும் குழாயிலிருந்து கழன்று விழும். சேற்றில் குத்தி நின்றாலும் சரி, மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கினாலும் சரி, வேர் பிடித்துவிடும். முளையின் பெரும்பகுதி வெளியே தொங்கும்போது அதைக் 'கனிக்குள்' என்று எப்படிச் சொல்வது?

'குட்டியீனல்', ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'விவிபரி' (vivipary) என்ற லத்தீன் வழிச் சொல்லை உடைத்து அப்படியே மாற்றியது. விலங்குக்கு அது பொருந்தும். விதைக்கு நடப்பது முளைப்பு. 'முளை' இல்லாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வகுப்பில் இதை விளக்க முடியாது.

எங்கள் பக்கம் சோளம் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், "கதிருலயே மொளச்சுப்போச்சுங்க" என்பார்கள். கொத்துக் கடலைக்காய்க்கு விதை உறக்கம், அதாவது முற்றியபின் முளைக்காமல் காத்திருக்கும் காலம் கிடையாது, பிடுங்கத் தாமதமாகி மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். எது முளைத்தது என்பதைவிட, எங்கே இருக்கும்போது முளைத்தது என்பதைத்தான் அந்தப் பேச்சு அழுத்திச் சொல்கிறது. நமக்குத் தேவையான சொல்லின் அமைப்பும் அதுதான். தாயில் இருக்கும்போதே முளைப்பதால் தாய்முளைப்பு என்கிறேன்.

'தாய்' என்பது உணர்ச்சிச் சொல், அறிவியலுக்கு ஆகாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இங்கே அது செடியியல் உண்மை. முளை விழும்வரை நீரும் உணவும் பெரும்பாலும் தாய்மரத்திலிருந்தே வருகின்றன. முளையின் திசுவில் உப்பு, தாய்மரத்தின் இலையில் இருப்பதைவிடக் குறைவு. உப்பும் காற்றில்லாச் சேறும் அலையும் உள்ள இடத்தில் சின்ன விதை விழுந்து முளைப்பது கடினம். அதனால் பாதி வளர்ந்த பிள்ளையாகவே மரம் அதை இறக்கிவிடுகிறது. தாயை எடுத்துவிட்டால் இந்த நிகழ்வுக்கு அர்த்தமே இல்லை.

சோளத்தில் நடப்பதையும் இதே சொல்லில் அடைக்க வேண்டாம். அங்கே முற்றிக் காய்ந்த மணி, மழையில் நனைந்து தவறுதலாக முளைக்கிறது. சுரபுன்னையிலோ கரு ஓய்வே எடுக்காமல் நேராக முளையாகிவிடுகிறது, அதுதான் அதன் இயல்பு. தானியத்துக்குக் 'கதிர்முளைப்பு' போதும்.

அப்புறம், முத்துப்பேட்டையில் நிறைந்திருக்கும் இன்னொரு அலையாத்தி மரமான அவிசீனியா. அதன் கரு விதையுறையைக் கிழித்துவிடும், ஆனால் கனித்தோலைத் தாண்டாது. தட்டையான அந்தக் கனி தண்ணீரில் விழுந்த பிறகுதான் தோல் கழன்று முளை வெளிப்படும். 'கனிக்குள் முளைத்தல்' உண்மையில் இதற்குத்தான் பொருந்தும்! அந்தச் சொல்லைத் தூக்கிப்போடாமல் இதற்கு வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாக வேண்டுமானால் 'மறைமுளைப்பு' எனலாம்.

ரயில் பாதையோரத்து ஆனைக்கற்றாழையின் பூக்கம்பத்தில் குட்டிச்செடிகள் தொங்குகின்றனவே, அதுவும் இதுதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அவை விதையிலிருந்து வந்தவை அல்ல, மொட்டுகள் நேரே செடியானவை. 'போலித் தாய்முளைப்பு' என்று தனியாக வைப்பது நல்லது. மாணவர்களுக்கு வீட்டிலேயே காட்ட வேண்டுமென்றால் மேரக்காய் (சௌசௌ) இருக்கிறது. கூடையில் கொஞ்ச நாள் கிடந்தால் காயைப் பிளந்துகொண்டு முளை வந்துவிடும், சில நேரம் கொடியில் இருக்கும்போதே வரும்.

இனி, கழன்று விழுகிற அந்த உறுப்புக்கும் ஒரு பெயர் வேண்டும். அது வெறும் விதையும் அல்ல, கனியும் அல்ல. 'நாற்று' என்றால் நாம் விதை பாவி வளர்த்ததாகிவிடும். தென்னம்பிள்ளை என்கிறோமே, அந்த வழக்கில் 'சுரபுன்னைப் பிள்ளை' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு நிறைவாக இருந்தது. பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் அங்குள்ள படகோட்டிகளிடமும் மீனவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் புழங்கினால், என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.