தனித்தனித் தீர்ப்புகளை எப்படிச் சேர்த்துப் படிப்பது? உதவுங்கள்

வணக்கம். சட்டம் முதலாண்டு படிக்கிறேன். அந்தரங்க உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி வழக்குத் தீர்ப்பை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 9 நீதிபதிகள், 6 தனித் தீர்ப்புகள், முடிவு மட்டும் ஒன்றே. கடைசியில் ஒன்பது பேரும் கையெழுத்திட்ட உத்தரவு சில வரிகள்தான், அது தெளிவாகப் புரிகிறது. சிக்கல் காரணங்களில்தான்.

நீதிபதி சந்திரசூட் எழுதியது நான்கு பேருக்கான தீர்ப்பு. ஒன்பதில் நான்கு பெரும்பான்மை இல்லையே! அப்படியானால் அதிலுள்ள ஒரு சோதனை விதியை (உரிமை மீறப்பட்டதா என்று பார்க்கும் அளவுகோலை) மற்ற ஐவரில் ஒருவராவது ஏற்றால்தான் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துமா? பென்சிலால் ஓரத்தில் குறித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே கருத்தை ஒவ்வொருவரும் வேறு சொல்லில் சொல்வதால், எதை உடன்பாடு என்று எடுப்பது எனத் தெரியவில்லை.

அப்புறம் இன்னொன்று. முதலில் எழுதுபவரின் வரைவு மற்றவர்களுக்குச் சுற்றுக்குப் போன பிறகுதான் தனித் தீர்ப்பு எழுதுவார்களா? உயர் நீதிமன்றத்தில் இருவர் அமர்வு பிளந்தால் மூன்றாவது நீதிபதிக்குப் போகும், சரி. அவர் வேறுபட்ட புள்ளிகளை மட்டும்தான் பார்ப்பாரா?

வழக்காடும் அனுபவமுள்ளவர்கள் யாராவது, நீங்கள் குறிப்பெடுக்கும் முறையையும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.