‘ராப்’ என்று காதில் விழுந்தால் எந்த ராப்? சப்டைட்டில் எழுதுவோருக்கான கேள்வி

துணைவரி:
ஆங்கில போலீஸ் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும்போது ‘ராப்’ என்ற ஒலி அடிக்கடி இடறுகிறது. ஆர்-ஏ-பி என்று அகராதியில் தேடினால் ‘தட்டுதல்’ என்று வருகிறது. வசனத்திலோ ‘டேக் தி ராப்’, ‘பீட் தி ராப்’, ‘ராப் ஷீட்’ என்கிறார்கள். டபிள்யூவில் தொடங்கும் ராப் வேறு இருக்கிறது. வசனப் பிரதி கிடைக்காது, காதால் கேட்டுத்தான் எழுத வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது?

அகரத்தான்:
டபிள்யூ ஒலிக்காத எழுத்து என்பதால் காது உதவாது. அக்கம்பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்.

ஆர்-ஏ-பியின் அடிப்படைப் பொருள் ‘டொக்’கென்று ஒரு தட்டு. அதிலிருந்து கண்டனம் என்ற பொருள் கிளைத்தது. ‘அரசுக்கு உயர் நீதிமன்றம் குட்டு’ என்று தமிழ் நாளிதழ்கள் தலைப்புப் போடும் செய்திக்கு ஆங்கில நாளிதழ்களில் ‘ஹைகோர்ட் ராப்ஸ்’ என்று இருக்கும். கை முட்டியால் விழும் அடி இரண்டு மொழியிலும் கண்டிப்பாக மாறியிருக்கிறது. அமெரிக்கக் கொச்சை இன்னும் ஒரு படி தாண்டி, குற்றச்சாட்டையும் தண்டனையையும் ‘ராப்’ என்றது. போலீஸ் தொடர்களில் கேட்பது பெரும்பாலும் இதுதான்.

‘டேக் தி ராப்’ என்றால் பழியை ஏற்பது, அதிலும் பெரும்பாலும் இன்னொருவர் செய்ததற்காக. ‘பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான்’ என்பது சரியாகப் பொருந்தும். ‘பீட் தி ராப்’ என்பதை ‘நிரபராதி என்று நிரூபித்தான்’ என எழுதக் கூடாது. குற்றத்தைச் செய்தும் இருக்கலாம், தண்டனையிலிருந்து நழுவிவிட்டான் என்ற தொனி அதில் உண்டு. ‘கேஸிலிருந்து தப்பிச்சுட்டான்’ போதும். ‘மர்டர் ராப்’ கொலை வழக்கு.

‘ராப் ஷீட்’டில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அது ஒருவர் இதுவரை கைதானது, வழக்குப் பதிவானது எல்லாம் அடங்கிய போலீஸ் பதிவு. கைதாகி விடுதலையானவர் பெயரிலும் அது இருக்கலாம் என்பதால் ‘தண்டனைப் பட்டியல்’ பொருந்தாது. ‘சரித்திரப் பதிவேடு’ம் வேண்டாம். அது தொடர் குற்றவாளிகளைக் கண்காணிக்க நம் ஊர்க் காவல் நிலையங்களில் தொடங்கப்படுவது. ‘இவன் மேல் உள்ள பழைய கேஸ் விவரம்’ என்றால் பார்ப்பவருக்கு உடனே புரியும்.

தாழை:
டபிள்யூ ராப் பற்றி நான் சொல்கிறேன். அகராதிப் பொருள் சுற்றுதல், பொதிதல். படப்பிடிப்புக் காட்சியில் ‘தட்ஸ் எ ராப்’ என்றால் நம் ஊர் ‘பேக்கப்’. ‘அண்டர் ராப்ஸ்’ என்றால் ரகசியம், எப்போதும் பன்மையில்தான் வரும். பிரிட்டிஷ் தொடராக இருந்தால் கவனம் தேவை. அங்கே கொச்சையில் ‘எ ராப்’ என்பது காகிதத்தில் மடித்த போதைப்பொருள் பொட்டலம். ‘பொட்டலம்’ என்றே எழுதுங்கள், அந்தத் தொனி அப்படியே வரும்.

அடுத்த சிக்கல் ‘ராப்ட்’. ஆர்-ஏ-பி-டி என்பது தனிச்சொல், பறித்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. மனம் பறிபோன நிலை அது. ‘ராப்ட் அட்டென்ஷன்’ என்றால் மெய்மறந்த கவனம். பின்னால் ‘அப் இன்’ வந்தால் டபிள்யூ சொல், ‘வேலையிலேயே மூழ்கிக் கிடக்கிறான்’ என்ற பொருள். ஆஸ்திரேலியர் ‘ஐம் ராப்ட்’ என்றால் ரொம்ப சந்தோஷம் என்கிறார். அதை அவர்களே இரண்டு எழுத்துக்கூட்டிலும் எழுதுகிறார்கள், பொருள் மாறாது.

பழங்காலக் கதைகளில் ‘நாட் கேர் எ ராப்’ வரும். 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் அரைப் பென்னியாகப் புழங்கிய கள்ளக்காசுக்கு ராப் என்று பெயர். தமிழில் ‘சல்லிக்காசுக்குக்கூட மதிக்க மாட்டேன்’ என்று போடலாம்.

ராப் ஷீட்டின் மூன்று எழுத்தையும், படப்பிடிப்பு ராப்பின் நான்கு எழுத்தையும் சுருக்கக் குறியீடு என்று விரித்துக் காட்டும் பதிவுகள் நிறைய உலவுகின்றன. அவை பின்னால் புனைந்தவை, நம்பி விளக்கக் குறிப்பு எழுதிவிடாதீர்கள்.

ஒலிக்கூடம்:
தானியங்கிக் கேப்ஷனை வைத்து வேலை செய்தால் இன்னொரு ஆபத்து உண்டு. அது இந்த ராப்பை, நீண்ட ‘ஏய்’ ஒலி உள்ள ‘ரேப்’ என்று பதிந்துவிடலாம். அதைச் சரிபார்க்காமல் மொழிபெயர்த்தால், திருட்டு வழக்கில் சிக்கிய பாத்திரம் பாலியல் குற்றவாளி ஆகிவிடும். நீதிமன்றக் காட்சியில் இந்தச் சொல் வந்தால் வேகத்தைப் பாதியாக்கி உயிரொலியைக் கேளுங்கள், முந்தைய காட்சியில் என்ன வழக்கு என்றும் பாருங்கள். இதே காரணத்தால் பாட்டு வகையையும் ‘ராப்’ என்றே எழுத வேண்டும். ‘ரேப்’ என்று எழுதுவதை எந்த இடத்திலும் ஏற்க முடியாது.

துணைவரி:
மிக்க நன்றி. ‘பேட் ராப்’, ‘பேட் ரெப்’ இரண்டும் கேட்கிறதே, ஒன்றுதானா?

அகரத்தான்:
இல்லை. ‘ரெப்’ என்பது ரெப்யுட்டேஷனின் சுருக்கம், ஆகவே ‘கெட்ட பெயர்’. அது நியாயமாகவே வந்ததாகவும் இருக்கலாம். ‘பேட் ராப்’ நியாயமற்ற குறைகூறல், அதற்கு ‘வீண்பழி’ சரி. வினைச்சொல்லும் துப்புக் கொடுக்கும்: ‘கெட்ஸ் எ பேட்’ என்று வந்தால் பெரும்பாலும் ராப், ‘ஹேஸ் எ பேட்’ என்றால் ரெப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். டபிள்யூ போட்டு ‘பேட் ராப்’ என்று இணையத்தில் எழுதுகிறார்கள், அது எழுத்துப்பிழை.