விமானப் பாகங்களை இறுதி இணைப்பு ஆலைக்குக் கொண்டு போவது: எடை தடையா, அளவு தடையா?

புதுவரவு27 கேட்டது:

கணக்கு இதுதான். 20 மீட்டர் நீளம், 4 மீட்டர் விட்டம், 6 டன் எடையுள்ள ஒரு ஃபியூஸ்லேஜ் (விமான உடற்கூடு) பகுதி, முழுக்க அலுமினியம். அதைத் தாங்கும் எஃகுச் சட்டம் (ஜிக்) 4 டன். செய்யும் ஆலையிலிருந்து துறைமுகத்துக்கு 60 கி.மீ. சாலை, அப்புறம் கடல், இறங்கியபின் இணைப்பு ஆலைக்கு இன்னொரு 40 கி.மீ. மாதத்துக்கு 8 பாகம் போக வேண்டும்.

மொத்தமே 10 டன்தான் என்னும்போது சாதாரண லோ-பெட் (தாழ்ந்த தளம் கொண்ட) ட்ரெய்லர் ஏன் போதாது? ஜிக்கில் நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் பாகம் பத்திரம்தானே? கப்பல் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் விமானப் பாகங்களைச் சுமக்கவே பெலூகா, ட்ரீம்லிஃப்டர் போன்ற ராட்சதச் சரக்கு விமானங்களைக் காசு கொட்டிக் கட்டியது எதற்கு?

அச்சாணி:

எடையை மறந்துவிடுங்க. 10 டன்னை எந்த ட்ரெய்லரும் தூக்கும். உங்களை மறிக்கப்போவது உயரமும் திருப்பமும் காற்றும்.

முதலில் உயரம். லோ-பெட் தளம் 0.9 மீட்டர், ஜிக்கின் அடிச்சட்டம் அரை மீட்டர், அதன்மேல் 4 மீட்டர் உருளை. தார்ப்பாய்ச் சட்டத்தையும் சேர்த்தால் 5.5 மீட்டருக்கு வந்துவிடும். வழியில் உள்ள மேம்பாலம், மின்கம்பி, சிக்னல் கம்பம், மரக்கிளை எல்லாவற்றையும் தனித்தனியாக அளக்கணும். மின்கம்பி வெயிலிலும் மின்சுமையிலும் தொய்யும். குளிர்ந்த காலையில் அளந்த உயரம் பிற்பகலில் இருக்காது.

அடுத்தது திருப்பம். முன் இணைப்புக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 20 மீட்டர், முன்பக்கம் 30 மீட்டர் ஆரத்தில் வளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. பின் அச்சு திரும்பாத வண்டியாக இருந்தால், பின் சக்கரம் ஓடும் ஆரம் 30-இன் வர்க்கத்தில் 20-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது, அதாவது 22.4 மீட்டர். வளைவின் உட்பக்கமாக 7.6 மீட்டர் உள்வாங்கும். மூலைக் கடை, விளக்குக் கம்பம் எல்லாம் அங்கேதான் நிற்கும். (இது நிலையான வட்டத்தில் சுற்றும்போது வரும் அளவு, 90 பாகைத் திருப்பத்தில் கொஞ்சம் குறையும். திட்டத்துக்குப் பெரியதையே எடுங்க.) அதனால்தான் எல்லா அச்சும் திரும்பும் ஹைட்ராலிக் மாடுலர் ட்ரெய்லர். அதில் ஒரு வில்லங்கமும் உண்டு: பின்பகுதி வெளிப்பக்கமாக வீசும். உட்பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு வந்தால் வெளிப்பக்கச் சுவரில் உரசும்.

சாலை மேடு பள்ளத்துக்கு ஹைட்ராலிக் அச்சு பொதுவாக நடுநிலையிலிருந்து மேலே 300, கீழே 300 மி.மீ. போகும். ரயில்வே கேட் மேடு, பாலத்தின் ஏற்ற முனை இரண்டிலும் நடுவயிறு தட்டும். பாதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நீளவெட்டு வரைபடம் இல்லாமல் கிளம்பாதீங்க. கடைசியில் சரக்கின் வெளிக்கோட்டை அப்படியே காட்டும் லேசான மாதிரிச் சட்டத்தை ஏற்றிக்கொண்டு ஒருமுறை முழுப் பாதையும் ஓட்டிப் பார்க்கணும். கணினி வரைபடத்தில் இல்லாத விளம்பரப் பலகை அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

இனி காற்று. பக்கவாட்டுப் பரப்பு 20 × 4 = 80 சதுர மீட்டர். விநாடிக்கு 15 மீட்டர் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 138 நியூட்டன். ஜிக், உறை எல்லாம் சேர்த்து இழுவைக் கெழுவை (வடிவம் காற்றை எவ்வளவு மறிக்கிறது என்ற எண்) 1 என்று எடுத்தால் 11 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 1.1 டன் தள்ளு. காற்று 25 மீட்டர் ஆனால் 3.1 டன். வண்டி கவிழாது, ஆனால் கிரேனில் தொங்கும் நேரத்தை யோசிங்க. 10 டன் சரக்கு, 10 மீட்டர் தொங்கல், 15 மீட்டர் காற்று என்றாலே 1.1 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். வழிக்கயிறு பிடிக்கும் இரண்டு ஆளால் அதை நிறுத்த முடியாது. முடிந்தவரை தூக்காமல் உருட்டியே ஏற்றி இறக்குங்க.

ரிவெட்:

இரண்டாவது கேள்விக்கு: நான்கு மூலையில் இறுக்குவதுதான் பாகத்தைக் கெடுக்கும் வழி.

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். போகிற வழியில் ட்ரெய்லர் தளம் முறுக்கும், கப்பல் தளமும் முறுக்கும். நான்கு புள்ளியில் கெட்டியாகப் பிடித்தால் அந்த முறுக்கல் அப்படியே பாகத்துக்குள் போகும். மூன்று புள்ளித் தாங்கலில் தளம் எப்படி வளைந்தாலும் பாகம் சும்மா சாய்ந்து கொடுக்கும், முறுக்காது. மாடுலர் ட்ரெய்லரின் ஹைட்ராலிக் சுற்றையும் மூன்று குழுவாகவோ நான்கு குழுவாகவோ பிரிக்கலாம். மூன்று என்றால் முறுக்கல் இல்லை, ஆனால் கவிழும் எல்லை குறுகும். நான்கு என்றால் நிலைத்தன்மை கூடும், முறுக்கலும் வரும். இதை அச்சாணியோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஜிக் வரைபவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரோமீட்டர் நீளும், எஃகு 12. உங்கள் 20 மீட்டருக்கு 30 டிகிரி மாறினால் பாகம் 13.8 மி.மீ. நீளும், ஜிக் 7.2 மி.மீ. மட்டுமே. இரண்டு முனையும் பூட்டியிருந்தால் 6.6 மி.மீ. போக இடமில்லை, பிடிப்புத் துளை நசுங்கும் அல்லது போல்ட் இறுகிக்கொண்டு வராது. ஆகவே ஒரு முனை நிலை, மறு முனை நீள்வாக்கில் வழுக்கும் தாங்கி. கார்பன் இழைப் பாகமாக இருந்தால் நிலைமை தலைகீழ்: பாகம் கிட்டத்தட்ட நீளவே நீளாது, ஜிக் நீண்டு அதை இழுக்கும்.

பிடிக்கும் இடம் தோலில் அல்ல, ஃபிரேமில் (தோலுக்கு உள்ளே இருக்கும் வளையச் சட்டத்தில்). விமானத்தில் எந்தப் புள்ளிகள் சுமையைத் தாங்குமோ அதே புள்ளிகளில்தான் ஜிக்கும் பிடிக்க வேண்டும். இரண்டு முனையும் திறந்த உருளை தன் எடையிலேயே கொஞ்சம் முட்டை வடிவாகும். இணைப்பு நிலையத்தில் அடுத்த பகுதியோடு வட்டம் பொருந்தாமல், போகிற வழியில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். முனை வளையம் அல்லது குறுக்குச் சட்டம் போட்டு அனுப்புங்கள். வந்தவுடன் அளக்கவும் வேண்டாம். பரிமாண அளவீட்டுக்கான நிலை வெப்பம் 20 டிகிரி. பாகமும் கூடமும் ஒரே வெப்பத்துக்கு வரும்வரை அளக்கும் லேசர் டிராக்கரைத் தொடாதீர்கள்.

அதிர்வுப் பதிவியில் நடக்கும் தவறுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. தார்ப்பாய்ச் சட்டத்தில் கட்டிவிடுவார்கள். அது தார்ப்பாய் அடிப்பதைப் பதிவு செய்யும். வரம்பைத் தாழ்வாக வைத்து முதல் பத்து கிலோமீட்டரிலேயே நினைவகத்தை நிரப்புவார்கள். கருவியின் கடிகாரம் ஒரு நேர வலயத்தில், ஓட்டுநர் குறிப்பேடு இன்னொன்றில். அடி எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஜிக்கில் ஒன்று, பாகத்தின் ஃபிரேமில் ஒன்று, இரண்டும் உலகப் பொது நேரத்தில் வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் அதிர்வுத்தாங்கி வேலை செய்கிறதா என்பதும் தெரியும்.

கார்பன் இழைப் பாகம் அனுப்பினால் ஒரு எச்சரிக்கை. அலுமினியத்தில் அடிபட்டால் குழி தெரியும். கார்பனில் மேல்தோல் சரியாக இருந்து உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். கையிலிருந்து ஸ்பானர் விழுந்தாலும் சொல்லிவிட வேண்டும், அந்த இடத்தை அல்ட்ராசோனிக்கில் பார்க்க வேண்டும். சொன்னவரைத் திட்டுகிற இடத்தில் அடுத்தவர் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

நங்கூரம்:

மூன்றாவது கேள்வி. கப்பல் கட்டணம் மலிவு என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஜிக்கில் ஒளிந்திருக்கிறது.

ஜிக் போய்த் திரும்பும் முழுச் சுற்றைப் பாருங்கள். சாலை, துறைமுகக் காத்திருப்பு, கடல், இறக்கம், இணைப்பு நிலையத்தில் நிற்பது, காலியாகத் திரும்புவது எல்லாம் சேர்ந்து 60 நாள் என்று வையுங்கள். மாதம் 8 பாகம் என்றால் எப்போதும் 16 ஜிக் சுற்றில் இருக்கும். பழுதுக்கு 2 சேர்த்தால் 18. அதே சுற்று விமானத்தில் 12 நாளில் முடிந்தால் 4 போதும், உபரி 1. போகும் வழி மட்டும் 30 நாள் என்றால் எந்நேரமும் 8 முடித்த பாகங்கள் தண்ணீரில் மிதக்கின்றன. அந்தப் பணம் முடங்கிக் கிடக்கிறது. வரைபடத்தில் திருத்தம் வந்தால் அந்த எட்டும் பழைய மாதிரியில்தான் வந்து சேரும்.

ஏர்பஸ் இரண்டையும் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். ஐரோப்பாவுக்குள் பிராட்டனில் செய்த இறக்கை, ஹாம்பர்க், சென் நசேர் ஆலைகளின் உடற்பகுதி, கெட்டாஃபேயின் வால் பகுதி எல்லாம் பெலூகாவில் பறக்கும். சீனாவின் டியான்ஜின், அமெரிக்காவின் மொபைல் நகர ஆலைகளுக்குக் கப்பல். பெலூகா எக்ஸ்எல் ஏ330-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2020 ஜனவரியில் சேவைக்கு வந்தது, மொத்தம் 6. அதிகபட்சச் சுமை 51 டன், அந்தச் சுமையோடு போகும் தூரம் சுமார் 4,000 கி.மீ. பெருங்கடலைத் தாண்ட அது கட்டப்படவில்லை. பழைய பெலூகாவில் ஏ350 இறக்கை ஒன்றுதான் போனது, எக்ஸ்எல்லில் இரண்டு. லாபம் 51 டன்னில் இல்லை, இந்த "இரண்டு" என்பதில்தான்.

ஏற்றும் வாசலைக் கவனித்தால் மூன்று வடிவமைப்பும் மூன்று விதம். பெலூகாவுக்கு முந்தைய சரக்கு விமானமான சூப்பர் கப்பியில் விமானி அறையோடு மூக்கே 110 பாகை திரும்பும். ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டு இணைப்புகளைக் கழற்றி மாட்ட வேண்டும். பெலூகாவில் விமானி அறையைச் சரக்குத் தளத்துக்குக் கீழே இறக்கியதால் மேல்கதவு மட்டும் தூக்கினால் போதும். போயிங்கின் ட்ரீம்லிஃப்டரில் (4 மட்டுமே, 747-400-இலிருந்து மாற்றியது) வால் பக்கவாட்டில் திரும்பும். அதைத் தாங்கத் தனி வண்டியும் இறக்க மிக நீளமான லோடரும் வேண்டும். அந்தக் கருவிகள் இல்லாத விமான நிலையத்தில் இறங்கினால் சரக்கை வெளியே எடுக்க முடியாது.

பெலூகா, ட்ரீம்லிஃப்டர் இரண்டிலும் சரக்கறைக்கு அழுத்தம் ஊட்டப்படுவதில்லை. 10,000 மீட்டரில் வெளி அழுத்தம் தரையில் உள்ளதில் நான்கில் ஒரு பங்குதான். காற்றுப்புகாமல் ஒட்டிய பிளாஸ்டிக் உறை பலூன் போல ஊதிக் கிழியும். மூடிய எரிபொருள் தொட்டிக்கும் மூச்சுவிட வழி வேண்டும். இறங்கியதும் வேறு தொல்லை: குளிர்ந்த உலோகத்தில் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும். பாகம் சூடேறும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது.

கப்பலில் கட்டுவதற்கு சிடியு விதித்தொகுப்பைப் (சரக்கை ஏற்றிக் கட்டுவதற்கான சர்வதேச வழிகாட்டி) பாருங்கள். அலை பெரிய கடலில் பக்கவாட்டுக்கு 0.8 ஜி (அதாவது சரக்கின் எடையில் 0.8 பங்கு தள்ளு), நீள்வாக்கில் 0.4 ஜி. சாலையில் முன்பக்கம் 0.8, பக்கவாட்டு 0.5. ஆகவே சாலைக்குக் கட்டிய கட்டோடு கப்பலில் ஏற்றினால் பக்கவாட்டில் போதாது. மரக்கட்டை வைத்து முட்டுக்கொடுத்தால் அது வெப்பமூட்டி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும் (மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம்). முத்திரை இல்லாத ஒரு கட்டைக்காக மொத்தச் சரக்கும் துறைமுகத்தில் நிற்கும்.

புதுவரவு27:

மூவருக்கும் நன்றி. போயிங் 737 உடற்பகுதி ரயிலில் போகிறதே, அந்த வழி எனக்கு ஒத்துவருமா? அப்புறம் ஏர்பஸ் ஏ380-இன் பாகங்கள் ஏன் ஆற்று வழியாகவும் சாலை வழியாகவும் போயின?

அச்சாணி:

737 உருளையின் அகலம் 3.76 மீட்டர். விச்சிட்டாவிலிருந்து ரென்டனுக்கு அமெரிக்க ரயில் பாதையில், அதற்கென்று சரிபார்த்த தடத்தில் போகிறது. ஐரோப்பாவில் வழக்கமான ரயில் அகல வரம்பு 3.15 மீட்டர், அங்கே இது நடக்காது. உங்களுடையது 4 மீட்டர், அதனால் முதலில் சுரங்கப்பாதைப் பட்டியலைக் கேளுங்க. ரயிலில் இன்னொன்று: பெட்டிகளை மோதி இணைக்கும்போது நீள்வாக்கில் 1 ஜி வரை வரலாம், அதற்கும் கட்டணும். 2014 ஜூலை 3 அன்று மொன்டானாவில் ரயில் தடம்புரண்டு ஆறு 737 உடற்பகுதிகள் சேதமாயின, அதில் மூன்று கிளார்க் ஃபோர்க் ஆற்றுக்குள் சரிந்தன. அந்த ஆறு உடற்பகுதிகளையும் உடைத்துப்போட்டார்கள். ஒரே வண்டியில் எத்தனை ஏற்றலாம் என்ற முடிவு உற்பத்தி வரிசையையும் பாதிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நங்கூரம்:

ஏ380-இன் பெரிய பாகங்கள் பெலூகாவில் நுழையாது. அதனால் கப்பலில் பிரான்சின் பொய்யாக் துறைமுகம், அங்கிருந்து படகில் கரோன் ஆற்றில் லாங்கோன் ஊர், பிறகு இணைப்பு ஆலை இருந்த துலூஸ் வரை 240 கி.மீ. சாலை என்று கொண்டுபோனார்கள். ஒரு அணிவகுப்பில் ஆறு ட்ரெய்லர்: மூன்று உடற்பகுதி, இரண்டு இறக்கை, ஒரு கிடைவால். போக்குவரத்தை நிறுத்தி இரவில் மட்டும் ஓட்டினார்கள். போர்தோவின் கற்பாலத்துக்குக் கீழே படகு போகக் கடல் ஏற்றவற்ற நேரம் பார்க்க வேண்டியிருந்தது: தண்ணீர் கூடினால் மேலே இடிக்கும், குறைந்தால் அடி தட்டும்.

உங்கள் கணக்குக்கு நான் ரோ-ரோ கப்பலையே (வண்டிகள் உருண்டே ஏறி இறங்கும் கப்பல்) எடுப்பேன். ஜிக்கை ட்ரெய்லர் தளத்திலிருந்தே நேராகக் கப்பல் தளத்துக்கு உருட்டி, அங்கே தாழ்த்தி, ட்ரெய்லரை வெளியே எடுத்துவிடலாம்; கிரேன் தேவையே இல்லை. சாய்வுப் பலகையின் கோணத்தை ஏற்றம், வற்றம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். அச்சாணி சொன்ன 300 மி.மீ. பெரும்பாலும் அங்கேதான் தீரும்.