அக்காவின் கரையோர நடை: ‘கோப்பாய் வீடு’ குழுவில் முதல் சில நாட்கள்

சனிக்கிழமை

அக்கா (காலை 8:05): மைன்ஹெட்டில் நிற்கிறேன். இரண்டு பெரிய கைகள் வரைபடம் ஒன்றைப் பிடித்திருக்கிற சிற்பம்தான், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோர நடைபாதையான சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத் தொடங்கும் இடம். படம் போட்டிருக்கிறேன். இங்கிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல். எல்லாரும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா: தொப்பி எங்கே பிள்ளை? முடி இப்போதுதான் வடிவாக வளர்ந்து வருகிறது. வெயில் படவிடாதே. நல்லூரானை நினைத்துக்கொண்டு நட.

மாமா: மகள், காலையில் உன் படத்தைப் பார்த்ததும் 2011தான் ஞாபகம் வந்தது. தெல்லிப்பழையில் கான்சர் ஆஸ்பத்திரி கட்டுவதற்காகத் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து வந்தார்கள். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வந்தார்கள். பருத்தித்துறைக்குள் வந்த நாளில் நானும் கூட நடந்தேன். இன்று அதே ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளின் பஸ் காசுக்காக நீ நடக்கிறாய். எனக்கு வேறு என்ன வேண்டும்.

அக்கா: அந்த நடையைப் பற்றி நீங்கள் சொன்ன கதைதான் மாமா, கீமோ ஏறிக்கொண்டிருந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய் நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வந்து மருந்து ஏற்றி, வாந்தியோடு அதே பஸ்ஸில் திரும்பிப் போகிறாள். எனக்கு வீட்டு வாசலுக்கே கார் வந்தது.

தங்கச்சி: அக்கா கவனம். மெல்ல மெல்லப் போங்கள். பணம் சேர்கிற பக்கத்தை என் வேலையிடத்திலும் பகிர்ந்திருக்கிறேன்.

அக்கா (மாலை 6:40): போர்லொக் வியர் வந்துவிட்டேன். தொடங்கின உடனேயே காட்டுக்குள் ஏற்றம். இந்தப் பாதை முழுவதிலும் உள்ள ஏற்றங்களைக் கூட்டினால் எவரெஸ்ட்டின் உயரத்தைப் போல நான்கு மடங்கு வரும் என்று சொல்வார்கள். காலையிலேயே நம்பிவிட்டேன். மேலே ஏறியதும் ஒரு பக்கம் எக்ஸ்மோர் மேட்டு நிலம், மறுபக்கம் கடல், அதற்கு அப்பால் வேல்ஸ் தெரிந்தது. அவ்வளவு வடிவு. ஆனால் வலது கை வீங்கியிருக்கிறது, மோதிரம் கழற்ற முடியவில்லை.

மச்சாள்: கையைப் படம் எடுத்து அனுப்புங்கள். இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும்.

அக்கா: [படம்]

மச்சாள்: சிவப்பு இல்லை, அது நல்லது. தொட்டால் சூடாக இருக்கிறதா? காய்ச்சல் குணம்?

அக்கா: இல்லை. பாரமாகத்தான் இருக்கிறது.

மச்சாள்: சரி. முதலில் சவர்க்காரம் போட்டு மோதிரத்தைக் கழற்றுங்கள். வீட்டில் எல்லாருக்கும் விளங்கச் சொல்கிறேன். அந்தப் பக்கத்து அக்குளில் நிணநீர்க் கணுக்களை, அதாவது நெறிகளை, எடுத்திருக்கிறார்கள். அதனால் கையிலிருந்து நிணநீர் வடிகிற வழி குறைந்துபோயிருக்கிறது. சூட்டில் கையைத் தொங்கவிட்டு நடந்தாலும், பையின் வார் தோளை அழுத்தினாலும் நீர் தேங்கும். கையை இறுக்கிப் பிடிக்கிற அழுத்த உறை போட்டிருந்தீர்களா?

அக்கா: ஓம், காலையிலிருந்து போட்டிருக்கிறேன்.

மச்சாள்: இரவு கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். நாளை இடுப்புப் பட்டியை இறுக்கிப் பாரத்தை இடுப்புக்கு மாற்றுங்கள். இரண்டு கைக்கும் நடைத்தடி பிடியுங்கள், தடியைப் பிடித்து விடுகிறபோது தசை வேலைசெய்து நீரைத் தள்ளும். முள் கீறினால் உடனே கழுவி மருந்து பூசுங்கள். கை சிவந்து சூடாகினால் அன்றே டொக்டரிடம் போக வேண்டும், அடுத்த நாள் வரை பார்க்கக் கூடாது.

அம்மா: இதெல்லாம் தேவையா பிள்ளை? காசு வேண்டுமென்றால் நாங்கள் எல்லாரும் சேர்ந்து போடுவோம்.

அக்கா: அம்மா, காசு மட்டுமென்றால் நானே போட்டிருப்பேன். ஒரு வருடமாக என்னை எல்லாரும் பிடித்து நடத்தினீர்கள். இதை என் காலால் நடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

தங்கச்சி (பிற்பகல் 3:20): அக்காவிடமிருந்து ஏதும் செய்தி வந்ததா? காலையிலிருந்து ஒரு டிக்தான் நிற்கிறது.

மச்சாள்: போர்லொக் வியரிலிருந்து லின்மவுத் வரை காட்டுப் பாதை. கடை கண்ணி கிடையாது, சிக்னலும் சரியாக வராது. ஏறத்தாழ பன்னிரண்டு மைல். பதறாதீர்கள்.

அம்மா: நான் விளக்கேற்றிவிட்டேன்.

அக்கா (இரவு 8:15): வந்துவிட்டேன், வந்துவிட்டேன். எல்லாரும் மன்னியுங்கள், சிக்னல் துளியும் இல்லை. மண்சரிவால் ஓரிடத்தில் பாதையைத் திருப்பிவிட்டிருந்தார்கள், அதனால் இன்னும் கூட நடக்க வேண்டி வந்தது. இடையில் கல்போன் என்ற இடத்தில் காட்டுக்கு நடுவே மிகச் சின்னத் தேவாலயம். அதற்குத் தெருவே கிடையாது, நடந்துதான் வர வேண்டும். உள்ளே உட்கார்ந்தேன். எழும்ப முடியவில்லை.

தங்கச்சி: கால் நோவா?

அக்கா: நோவு இல்லை. இந்தக் களைப்பு வேறு. நித்திரை கொண்டாலும் போகாது, சாப்பிட்டாலும் போகாது. சிகிச்சை முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் சொல்லாமல் வந்து பிடிக்கிறது. அழுதேன். அப்புறம் பேரீச்சம்பழம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, அடுத்த ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) அடையாளம் வரை மட்டும் போவோம் என்று எழும்பினேன். இந்தப் பாதை முழுக்க அந்த அடையாளம்தான் வழிகாட்டி.

மச்சாள்: பாதங்கள்?

அக்கா: கீமோவுக்குப் பிறகு விரல்கள் பஞ்சு சுற்றின மாதிரிதானே. இடது குதிக்காலில் பெரிய கொப்புளம். சொக்ஸ் கழற்றிய பிறகுதான் கண்டேன். மற்றவர்களுக்கு வலி சொல்லிக்கொடுக்கும். எனக்குச் சொல்லாது.

மச்சாள்: அப்படியென்றால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். மணிக்கூடு பார்த்து நில்லுங்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே கல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், சொக்ஸ் மாற்றுங்கள். இரவில் உள்ளங்கால் படம் எனக்கு வர வேண்டும். அங்கே மான்கள் அதிகம், உண்ணி கடித்திருக்கிறதா என்றும் முழங்காலுக்குப் பின்னால் பாருங்கள்.

அக்கா (இரவு 11:50): மச்சாள், முழித்திருக்கிறீர்களா? இடது இடுப்பு எலும்பு நோகிறது. அம்மா காலையில் பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன். அது திரும்பி வந்துவிட்டதோ என்று…

மச்சாள்: முழித்திருக்கிறேன். இன்று எத்தனை இறக்கம் இறங்கினீர்கள்? நீங்கள் குடிக்கிற ஹோர்மோன் குளிசையும் மூட்டுகளை நோகச் செய்யும். ஓய்வில் குறைகிறதா என்று பார்ப்போம். குறையாமல் நின்றாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ உங்கள் கான்சர் நேர்ஸுக்குக் கோல் எடுப்போம், நான் கூடவே லைனில் இருப்பேன். அழிக்காதீர்கள் அக்கா. அம்மாவும் தெரிந்துகொள்ளட்டும்.

திங்கட்கிழமை

அம்மா (காலை 6:10): வாசித்தேன் பிள்ளை. ஒவ்வொரு நோவுக்கும் எனக்கும் அந்தப் பயம்தான் வருகிறது. இனி இரவில் எனக்கே கோல் எடு.

அக்கா: சரி அம்மா. நோவு பாதியாகக் குறைந்துவிட்டது. இன்று லின்மவுத்தில் ஓய்வு. 1952இல் ஒரே இரவில் வெள்ளம் வந்து 34 பேர் இறந்த ஊர் இது. இப்போது அமைதியான சின்னத் துறைமுகம். 1890இல் தொடங்கின மலை ரெயில் இன்னும் தண்ணீர்ப் பாரத்திலேயே ஓடுகிறது. மேலே நிற்கிற பெட்டியில் தண்ணீர் நிரப்ப, அது இறங்கும், கீழே உள்ளது ஏறும். ஏறி இறங்கிப் பார்த்தேன்.

அக்கா: ஒன்று கேட்க வேண்டும். இங்கே பையை அடுத்த தங்குமிடத்துக்கு வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கைக்கு அதுதான் நல்லது. ஆனால் ‘பையையும் சுமந்து முழுத் தூரமும்’ என்று நினைத்துக் காசு போட்டவர்களும் இருப்பார்கள்.

தங்கச்சி: நீங்கள் அப்படி எங்குமே எழுதவில்லை அக்கா. இன்றைக்கே பக்கத்தில் போடுவோம்: கை வீங்குகிறது, பை வான் வண்டியில் வருகிறது என்று. கான்சர் முடிந்த பிறகு உடம்பு எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது.

மாமா: பருத்தித்துறைக்கு வந்தவர்களுக்கும் தண்ணீரும் சாப்பாடும் வாகனத்தில்தான் வந்தது. ஒருவரும் அவர்களின் நடையைக் குறைத்துப் பேசவில்லை. தெல்லிப்பழைக்கு வருகிற தாய், பை உன் முதுகில் இருந்ததா என்று கேட்க மாட்டாள்.

அக்கா: சரி, பை வான் வண்டியில். அடுத்தது கூம் மார்ட்டின். வழியில் கிரேட் ஹாங்மன் என்ற குன்று, 318 மீற்றர், இந்தப் பாதையிலேயே உயரமான இடம். ஒரே நாளில் போகாமல் இரண்டாகப் பிரிக்கிறேன். ஹெடன் பள்ளத்தாக்கில் தங்குமிடத்துக்காரர் காரில் ஏற்றிப் போய், காலையில் அதே இடத்தில் விடுவார். இந்த வேகத்தில் போனால் கோர்ன்வோலுக்கு முன்னமே லீவு முடிந்துவிடும். மிச்சத்தை அடுத்த வருடம் நடப்பேன், அதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

தங்கச்சி: எழுதுகிறேன். நாளை சிக்னல் இல்லாத இடம் எது என்று சொல்லுங்கள், அம்மாவுக்கு முன்னமே சொல்லி வைக்கிறேன்.

அக்கா: பள்ளத்தாக்கு முழுக்க இராது. மாலை ஐந்தரைக்குள் செய்தி போடுவேன். அங்கே அம்மாவுக்கு இரவு பத்து மணி.

அம்மா: நான் முழித்திருப்பேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு படம் அனுப்பு.

மச்சாள்: எனக்கு உள்ளங்கால்.